மறுமுறை கடலுக்குப் போகாத மீனவன்

நம் சமுதாய மேடைகளிலும் ஜும்ஆப் பேருரைகளிலும் இதழ்களின் துணுக்குப் பகுதிகளிலும் ஒரு மீனவன் நெடுங்காலமாக உறங்கிக்கொண்டிருக்கிறான். அவனை அறியாத வாசகர் அரியர். கரையோரம் நிற்கும் படகில் அவன் கண்ணயர்ந்திருக்க, வசதி படைத்த வெளியூர்க்காரர் ஒருவர் வந்து எழுப்புகிறார். மீண்டும் ஒருமுறை கடலுக்குப் போகலாகாதா என்று வினவுகிறார். போனால் மீன் பெருகும், பணம் சேரும், இன்னொரு படகு வாங்கலாம், பிறகு ஆலை எழுப்பலாம், ஏற்றுமதி செய்யலாம் என அடுக்குகிறார். அதற்கப்புறம் என்ன என்று மீனவன் கேட்க, அதற்கப்புறம் கவலையின்றிக் கரையில் படுத்து ஓய்வெடுக்கலாம் என்கிறார். அந்த ஓய்வில்தான் தான் ஏற்கெனவே இருப்பதாக மீனவன் விடை சொல்ல, அவை சிரிக்கிறது. உரையாளரும் ‘இதுதான் கனாஅத்’ என்று சொல்லி அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்.

இதுதானா கனாஅத் என்பதே ஈண்டு நாம் ஆராய விழைவது. மேலும் வேண்டும் என்னும் முயற்சிக்கும், கிடைத்ததில் மகிழ்ந்திருக்கும் மனத்துக்கும் இடையே மார்க்கம் வைத்த நிறைகோல் எது என்னும் வினாவுக்கு, ஒரு கதை இவ்வளவு எளிதாக விடை தந்துவிடுமாயின், ஃபிக்ஹு நூலாரும் தஸவ்வுஃப் நூலாரும் அத்துணை ஏடுகளை நிரப்பியிருக்க வேண்டிய தேவையே இராது.

முதலில் கதையின் பிறப்பைப் பார்ப்போம். பெயரற்ற நாட்டார் கதைபோல உலவும் இதற்கு ஆசிரியர் உண்டு. ஜெர்மானிய எழுத்தாளர் ஹைன்ரிக் ப்யோல் 1963-ஆம் ஆண்டு மே நாளுக்கென வட ஜெர்மானிய வானொலிக்கு எழுதியது இது. 1972-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். உழைப்பின் மீதான பற்றைத் தாழ்த்துவதற்கான ஒரு துணுக்கு என்னும் பொருள்படத் தலைப்பிட்டிருந்தார். உழைப்பாளர் நாளன்று உழைப்பைக் குறைக்கச் சொல்லும் அந்தக் குறும்பு, தலைப்பிலேயே கதையின் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. போரில் இடிந்து கிடந்த மேற்கு ஜெர்மனி, பொருளாதார அதிசயம் என்று உலகம் வியக்கும் வண்ணம் எழுந்து நின்ற காலம் அது. வீடு, மகிழுந்து, விடுமுறைப் பயணம், கையில் புகைப்படக் கருவி என வளர்ந்துவிட்ட தம் நாட்டாரை நோக்கியே ப்யோல் பேசினார். கதையில் மீனவனை எழுப்புவது அந்தப் பயணியின் புகைப்படக் கருவி எழுப்பும் ஒலி. கதையின் முடிவில் சிந்தனையில் ஆழ்ந்து, சற்றே பொறாமையுடன் நடந்து போகிறவரும் பயணிதான். மாற வேண்டியவர் அவர். மீனவன் அவருக்குக் காட்டப்படும் கண்ணாடி மட்டுமே.

மொழி தாண்டியும் கடல் தாண்டியும் வருகையில் கதை இரண்டு பொருள்களைத் தவறவிட்டுவிட்டது. ஒன்று, மீனவன் பிடித்த மீன். மூலக்கதையில் அவன் அன்று காலையிலேயே கடலுக்குப் போய் வந்துவிட்டவன். நான்கு பெருங்கடல் இறால்களும், ஏறக்குறைய இரண்டு டஜன் கானாங்கெளுத்தியும் பிடித்து வந்திருக்கிறான். நாளைக்கும் மறுநாளைக்கும் கூட அது போதும். அமெரிக்க வணிகர் மெக்சிகோ மீனவரைச் சந்திப்பதாக உருமாறிய வடிவத்திலும் மீன் இருக்கிறது. கூடவே கிதாரும் நண்பர் குழாமும் சேர்ந்துகொண்டன. நம் மேடைக்கு வரும்போதோ, பல சமயங்களில், மீன் மறைந்து தென்னை நிழல் மட்டும் எஞ்சுகிறது. விடியுமுன் எழுந்து பாடுபட்டு வந்தவனின் ஓய்வு, பாடே படாதவனின் சோம்பலாக அவையோர் மனத்தில் பதிந்துவிடுகிறது. பறவைகள் காலையில் ஒட்டிய வயிற்றோடு போய் மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புவதைத் தவக்குலுக்கு உவமையாக்கிய நபிமொழி நாம் அறிந்ததே. அப்பறவைகள் கூட்டை விட்டுப் புறப்படுகின்றன என்பதை அறிஞர்கள் அழுத்திச் சொன்னதும் இத்தகைய மயக்கத்தைத் தவிர்க்கவே.

தவறிய இரண்டாவது பொருள், கேட்போர். இதனினும் பழைய ஓர் உரையாடலை ஒப்பிட்டால் இது விளங்கும். கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க், எபிரஸ் நாட்டு மன்னன் பிர்ரஸின் வாழ்க்கையை எழுதுகையில், அவனுடைய அறிவுரையாளர் கினியாஸ் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதாகக் குறிப்பார். உரோமை வென்றபின் என்ன? சிசிலி. அதன்பின்? ஆப்பிரிக்கா. எல்லாம் வென்றபின்? நண்பரோடு கூடி மகிழ்ந்திருக்கலாம். அந்த மகிழ்ச்சிக்கு இப்போது தடை என்ன என்பதே கினியாஸின் முடிவுக் கேள்வி. மன்னன் கேட்டான், ஏற்கவில்லை, கி.மு. 280-இல் இத்தாலிக்குப் படையோடு போனான். ப்யோல் இந்நூலிலிருந்துதான் எடுத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. கேள்வியின் அமைப்பு ஒன்றே என்பதும், இரண்டிடத்தும் அது வலியோரை நோக்கித் தொடுக்கப்பட்டது என்பதுமே கருதத்தக்கன. நம் பள்ளிவாசல் வரிசைகளில் அமர்ந்திருப்போருள் பலர் பிர்ரஸும் அல்லர், புகைப்படக் கருவி ஏந்திய பயணியும் அல்லர். நாட்கூலிக்காரரும் கடன்பட்டவரும் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரும் ஆவர். செல்வரை நாணச் செய்ய எழுந்த கதை, அவர்களிடம் சொல்லப்படும்போது ‘உனக்கு இது போதும்’ என்னும் அடக்குமுறைச் சொல்லாகத் திரிந்துவிடுகிறது. சொல்பவர் உரை முடித்துக் குளிரூட்டிய வண்டியில் ஏறும்போது அது இன்னும் கசக்கும்.

இனிக் கனாஅத்துக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவின் இரண்டாம் காற்பகுதியில் பொருளீட்டலின் ஒழுக்கங்களுக்குத் தனி நூலே வகுத்தார்கள். பேராசையையும் அதன் மருந்தாகிய கனாஅத்தையும் மூன்றாம் காற்பகுதியில், பொருட்பற்றைக் கண்டிக்கும் நூலில் வைத்தார்கள். உழைத்து ஈட்டுதல் வேறு, ஈட்டியதன் மீது மனம் கொள்ளும் பிடிப்பு வேறு. ஒன்றைக் கண்டித்தால் மற்றொன்று கண்டிக்கப்பட்டதாகாது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நிலத்தில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறு ஏவுவதும் திருமறையே, செல்வப் பெருக்கத்தில் ஒருவரையொருவர் விஞ்ச முனைவது கப்றுவரை மனிதரைப் பராக்காக்கிவிடும் என எச்சரிப்பதும் திருமறையே.

அந்த எச்சரிக்கை இடம்பெறும் அத்தியாயத்தின் பெயரான ‘தகாஸுர்’ என்னும் சொல்லை இலக்கண வகுப்பில் பிரித்துக் காட்டுவது எமக்கு வழக்கம். அது ‘தஃபாஉல்’ வாய்பாட்டில் அமைந்தது. ஒருவர் தனித்துச் செய்ய இயலாத, ஒருவருக்கொருவர் எதிர்நின்று செய்யும் வினைகளுக்குரிய வாய்பாடு அது. அண்டை வீட்டானிடம் இருப்பதைக் கண்டு இவனும், இவனிடம் இருப்பதைக் கண்டு அவனும் பெருக்கிக்கொண்டே போவதுதான் தகாஸுர். ஒருவனுக்கொருவன் உதவுவதைக் குறிக்கும் ‘தஆவுன்’ என்னும் சொல்லும் அதே வாய்பாட்டில் பிறந்தது என்பதை மாணவர் உணரும்போது வகுப்பில் ஒரு சிறு அமைதி விழும். ஆசை என்னும் நோயைத் தனி மனத்தின் நோயாக அன்றி, கூட்டத்தின் நோயாகத் திருமறை பெயரிட்டிருக்கிறது. அதற்கு மருந்து ஒரு தனி மீனவனின் தூக்கமாக இருக்க முடியுமா?

ப்யோலின் கதையில் நமக்குப் பெருங்குறையாகப் படுவதும் இதுவே. அந்தத் துறைமுகத்தில் வேறு மீனவர் எவரும் இலர். மனைவி இல்லை, கடன் கொடுத்தவன் இல்லை, அடுத்த படகு இல்லை. மீன் எப்போதும் இருக்கும். இவன் பிடிக்காத மீனை வேறெவரும் பிடித்துவிடப் போவதும் இல்லை. போதும் என்று சொல்வது அங்கே மனத்தின் தெளிவு மட்டுமே. மெய்யான நீர்நிலையில் நிலைமை வேறு. நான் இன்று ஓய்ந்திருந்தால் என் பங்கை நீ வாரிக்கொள்வாய் என்னும் அச்சம் அங்கே ஒவ்வொருவரையும் துரத்தும். அச்சத்தின் பெயரும் ஆசைதான் என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. ஆதலின், பங்காளிகள் பலர் உள்ள ஒரு நீர்நிலையின் கரையில் வைத்து இக்கதையைப் படித்துப் பார்ப்பது பயனுடையது. அதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரியை ஒட்டிக் கோட்டைக்குப்பம் என்னும் மீனவ ஊர் உண்டு. புதுச்சேரியை அடுத்து நம்மவர் நிறைந்து வாழும் கோட்டக்குப்பத்தை வாசகர் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டா. பழவேற்காடும் நமக்குப் புதிதன்று. நம் முன்னோரின் கப்பல்கள் தங்கிய துறை. கீழைநாடுகளில் பெயர்பெற்ற துணிகள் ஏறிய துறை. டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பியதும் அத்துணி வணிகத்தை நாடியே. இன்றும் அங்கே நம் பெண்மணிகள் பனையோலையில் பின்னும் கூடைகளும் பெட்டிகளும் புகழ்பெற்றவை. ஆனால் ஏரியில் வலை வீசுவோர் பெரும்பாலும் வேறு சமுதாயத்தார். சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்முனை தமிழகத்தில் இருக்கிறது. கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் வழியே இறால் உள்ளே வந்து வளர்ந்து திரும்புவதால், அதை அண்டிய நீர்ப்பரப்பே வளமிக்கது. வளமிக்க இடம் சிறிது. அதை விரும்புவோர் பலர்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வே ‘பாடு’. குறித்த நீரிடம், குறித்த வலை, குறித்த நாள் என வரையறுத்து, இன்று ஓர் ஊராரின் முறை, நாளை இன்னோர் ஊராரின் முறை என மாற்றி மாற்றி மீன்பிடிக்கும் ஏற்பாடு அது. ஊருக்குள் உரிமை பெற்றோர் பட்டியலுக்குத் தலைக்கட்டு என்று பெயர். முறைவைப்பும் சீட்டெடுப்பும் இத்தகைய ஏற்பாடுகளின் பொது இயல்பு. கொச்சிக் காயலிலும் பாடு உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கத்தோலிக்க மீனவர் கட்டுவலைக்கான இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பெறுவர். கோட்டைக்குப்பத்தார் இந்து சமயத்தார். மாதாகுப்பத்தார், பெயரே சொல்வதுபோல், கிறித்தவர். சமயம் வேறாயினும் முறை ஒன்று.

தமிழ்ச்சொல் ஒன்றுக்குள் இத்தனை பொருள் அடங்கியிருப்பதை நாம் வியக்கிறோம். பாடு என்பது உழைப்பு, பாடுபட்டான் என்கிறோம். பாடு என்பது துன்பம். அவன் படும் பாடு என்கிறோம். வலையில் விழுந்த மீனுக்கும் மீன்பாடு என்றே பெயர். அவரவர் பாடு என்கையில் பங்கும் பொறுப்பும் ஆகிறது. உழைப்பும் விளைவும் பங்கும் முறையும் ஒரே சொல்லில் நிற்கின்றன. ‘மேலும் முயலுதல்’ என்பதையும் ‘இருப்பதில் மகிழ்தல்’ என்பதையும் எதிரெதிராக நிறுத்தி எதைத் தேர்வது எனக் கேட்கும் வழக்கம், இச்சொல்லை வழங்கும் மக்களுக்கு ஒருவேளை வேடிக்கையாகவே தோன்றும்.

ப்யோலின் பயணி கோட்டைக்குப்பத்துக்கு வந்து, கரையில் வலை சீர்செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் இன்று ஏன் வலை கட்டவில்லை என்று கேட்பதாகக் கொள்வோம். இன்று எங்கள் முறையில்லை என்பதே விடையாக இருக்கும். உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். தத்துவத்துக்கு இடமே இராது. அவருடைய ஓய்வு அவருடைய மனநிறைவிலிருந்து பிறந்ததன்று, அடுத்தவரின் உரிமையிலிருந்து பிறந்தது. அவர் முறை வரும் நாளில் முழு மூச்சோடு முயல்வார், இயன்றவரை பிடிப்பார், அதில் எவரும் குறை காணார். முறை இல்லாத நாளில் அச்சமின்றி இருப்பார். ஏனெனில் அவர் பங்கை எவரும் வாரிக்கொள்ளார். முயற்சியும் நிம்மதியும் ஒரே மனத்துக்குள் சண்டையிடாமல், நாட்களின் மீது பங்கிடப்பட்டுவிடுகின்றன.

இதற்கு ஃபிக்ஹில் பெயர் உண்டு. பிரிக்க இயலாத கூட்டுப்பொருளின் பயனைப் பங்காளிகள் காலத்தாலோ இடத்தாலோ முறைவைத்துத் துய்ப்பதை ‘முஹாயஆ’ என்பர். பங்காளிகளுள் ஒருவர் கோரினால் நீதிபதி மற்றவரை இதற்குக் கட்டாயப்படுத்தலாம் என்பது பொதுவாக ஹனஃபீ மத்ஹபினர் கருத்து. இருவரும் மனமொப்பியே இது நிகழவேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபினர் கருத்து. இதற்குச் சான்றாக ஃபிக்ஹு நூலார் எடுத்துக்காட்டும் நிகழ்வு ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகை. நீர் ஒன்று, ஒட்டகைக்கு ஒரு நாள், ஸமூது மக்களுக்கு ஒரு நாள். பேசாத விலங்குக்கும் ஒரு முறை உண்டு என இறைவன் வகுத்தான். அம்மக்களின் தண்ணீர் அதனால் தீர்ந்துவிடவில்லை. தம் நாள் வரும்வரை பொறுத்திருக்க அவர்களுக்கு இயலவில்லை. ஒட்டகையைக் கொன்றார்கள். சீட்டெடுப்பும் நம் மரபில் அயலானதன்று: மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்புக்கு எழுதுகோல்களை எறிந்து சீட்டெடுத்ததையும், யூனுஸ் (அலை) அவர்கள் ஏறிய கப்பலில் சீட்டெடுத்ததையும் திருமறை கூறும். பயணம் புறப்படுகையில் உடன்வரும் துணைவியார் எவரெனச் சீட்டெடுத்து முடிவு செய்வது அண்ணலார் (ஸல்) அவர்களின் வழக்கம் என்பதும் ஸஹீஹான செய்தி.

மீனோடு நேரடியாகத் தொடர்புடைய எச்சரிக்கையும் திருமறையில் உண்டு. கடலோரத்து ஊரார் சிலருக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். சோதனையாக, அன்றே மீன்கள் நீர்மட்டத்தில் திரண்டு வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. தஃப்ஸீர் ஆசிரியர் பலர் அவ்வூரைச் செங்கடற்கரையின் அய்லா என்பர். ஓய்வுநாளில் வலை வீசுவது பாவம் என்பதால் அவர்கள் வெள்ளியன்றே குழி வெட்டியும் வலை விரித்தும் வைத்து, ஞாயிறன்று மீனை அள்ளினார்கள் என்று விளக்குவர். அவர்கள் சனிக்கிழமை கரையில் படுத்துத்தான் கிடந்தார்கள்! வெளியிலிருந்து பார்க்கும் பயணிக்கு அவர்களும் ப்யோலின் மீனவனும் ஒன்றுபோலவே தோன்றுவர். உடல் ஓய்ந்திருக்க ஆசை விழித்திருந்தது. விடுமுறை நாளிலும் கைப்பேசியில் கொள்முதல் விலை பார்த்துக்கொண்டிருக்கும் நம்மவருக்கு இவ்வரலாறு சற்றே நெருக்கமானது. அவ்வூரில் மூன்று பிரிவினர் இருந்தனர் என்பதும் நோக்கத்தக்கது: வரம்பு மீறியோர், தடுத்துரைத்தோர், அழியப் போகிறவர்களுக்கு ஏன் வீணாய் அறிவுரை என்று கேட்டோர். ஒருவரின் ஓய்வும் ஆசையும் அங்கே ஊரின் விவகாரமாகவே பேசப்பட்டன.

பயணியின் அறிவுரை வெறும் கற்பனையன்று என்பதையும் சொல்ல வேண்டும். ப்யோல் கதை எழுதுவதற்குப் பத்தாண்டு முன்பே அந்தப் பயணி கேரளக் கரைக்கு வந்துவிட்டார். 1952-இல் கையெழுத்தாகி 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம், கதையில் வரும் வரிசையிலேயே விசைப்படகையும் குளிர்பதன நிலையத்தையும் கொணர்ந்தது. இறால் ஏற்றுமதி பின்தொடர்ந்தது. நன்மை இல்லாமல் இல்லை. பணம் வந்தது, பிள்ளைகள் படித்தனர், கடலில் உயிரிழப்பை அஞ்சி வாழ்ந்த குடும்பங்களுக்கு உறுதியான படகு வாய்த்தது. இவற்றை வேண்டாம் என்று மீனவரிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அவரவர் தம் ஆசைக்கேற்பப் படகு பெருக்கியபின், கேரள அரசு 1988 முதலும் தமிழக அரசு 2001 முதலும் மீன்பிடித் தடைக்காலம் விதிக்க நேர்ந்தது. தமிழகக் கிழக்குக் கரையில் 45 நாளாக இருந்த தடை 2017-இல் 61 நாளாக நீண்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. பாடு என்று மீனவர் தாமே வகுத்துக்கொண்டதை, பாடு இல்லாத இடத்தில் அரசு ஆணையாக வகுக்க வேண்டியதாயிற்று.

பாட்டைப் புகழ்ந்து கதையைத் தாழ்த்திவிட்டு நாம் எழுந்துவிடலாகாது. ஏரி பங்காளிகள் சிலரின் கூட்டுச்சொத்தன்று, மக்கள் அனைவருக்கும் பொதுவான நீர். அதில் முஹாயஆவை எப்படிப் பொருத்துவீர்கள் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழி. பாட்டுரிமையோ பிறப்பால் வருவது, ஒரே சாதியாருக்குரியது, அதிலும் ஆடவருக்கே உரியது. அதே ஏரியில் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கும், மீன்பிடிக்கும் பிற சமுதாயத்தாருக்கும் அதில் இடமில்லை. இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை விரிந்தபின் புறத்தே நின்றோரும் உரிமை கேட்டனர், பூசல்கள் எழுந்தன. உள்ளே இருப்போருக்கு நிம்மதி தந்த அதே வரம்பு, வெளியே நிற்போருக்குத் தாழிட்ட கதவாயிற்று. முறைவைப்பின் நீதியை ஏற்கும் நாம், பட்டியலின் நீதியைக் கேள்வி கேட்காதிருக்க இயலாது. பாட்டைப் பற்றிக்கொண்டதாலேயே வேறு தொழிலுக்கு நகரத் தயங்குவோர் உண்டு என்று பழவேற்காட்டை ஆராய்ந்தவர்கள் சுட்டியதும் தள்ளத்தக்கதன்று. மனநிறைவு சில வேளைகளில் பழக்கத்தின் மறுபெயராகிவிடும்.

அன்றியும், பாட்டைக் காப்பது மட்டும் ஏரியைக் காக்காது. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் எவர் முறையாயினும் வலையில் இறால் விழாது. தெற்கே எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் எழுந்தன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் எதிர்த்து வந்திருக்கின்றன. இங்கே ‘மேலும் வேண்டும்’ என்பவர் மீனவர் அல்லர். போதும் என்று அவர் எத்துணை உறுதியாகச் சொன்னாலும், போதாது என்பவர்களின் முடிவு அவர் நீரைத் தொடுகிறது.

இவ்விடத்தில் கஹ்ஃபு அத்தியாயத்தின் படகு நினைவுக்கு வராமல் போகாது. கடலில் உழைத்த மிஸ்கீன்கள் சிலரின் படகு அது. ஃபகீர், மிஸ்கீன் இருவருள் வறுமை மிக்கவர் எவர் என்னும் புகழ்பெற்ற விவாதத்தில், படகு உடையோரையும் திருமறை மிஸ்கீன்கள் என்றழைத்திருப்பதைச் சான்றாக்கி, ஃபகீரே மேலும் வறியவர் என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). கருவி உண்டு, உழைப்பு உண்டு, ஆயினும் தேவைக்குப் போதவில்லை: இன்றைய மீனவர் பலருக்கு இதைவிடத் துல்லியமான வரையறை கிடைப்பது அரிது. அவர்களுக்கு அப்பால் ஒரு மன்னன் படகுகளைப் பறித்துக்கொண்டிருந்தான். கிழ்று (அலை) அவர்கள் அந்த ஏழைகளிடம் இருப்பதைக் கொண்டு மனநிறைவு கொள்ளுமாறு உபதேசிக்கவில்லை. படகைச் சற்றே பழுதாக்கிப் பறிகொடாமல் காத்தார்கள். மூஸா (அலை) அவர்களுக்கே முதலில் விளங்காத அச்செயலை நாம் கதை சொல்லும்போது எளிதில் கடந்துபோகிறோம்.

நம் வாசகருள் வணிகர் பலர் உளர். அவர்களுக்காக ஒன்றை மட்டும் தொட்டுக்காட்டுவோம். மீனவருக்கும் கடல்படுபொருள் வணிகருக்கும் இடையே முன்பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் தமிழகக் கரைகளில் பரவலானது. வலைக்கோ படகுக்கோ பணம் தந்துவிட்டு, பிடிக்கும் மீனைத் தமக்கே, சந்தையினும் குறைந்த விலைக்குத் தரவேண்டும் என நிபந்தனை விதிப்பதும் அதில் உண்டு. கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நீரிலுள்ள மீனை விற்பது கரர் என்னும் உறுதியின்மையைச் சார்ந்தது என்பதில் ஃபிக்ஹு நூலாரிடையே பெரிய கருத்து வேறுபாடில்லை. முன்பணக் கட்டில் இருக்கும் மீனவர் தம் முறை நாளில் பிடித்தது போதும் என்று வலையைச் சுருட்ட முடியுமா? அவருடைய ‘போதும்’ வணிகரின் கணக்கேட்டில் இருக்கிறது. ஆசையைக் குறைக்க வேண்டியவர் அங்கே யார் என்பதைத் தீர்ப்பளிக்க ஆலிம் வேண்டியதில்லை.

காரூனிடம் அவன் கூட்டத்தார் கூறிய அறிவுரையும் கருதத்தக்கது. இறைவன் தந்ததைக் கொண்டு மறுமையைத் தேடு, இவ்வுலகில் உன் பங்கையும் மறவாதே என்னும் கருத்தமைந்தது அது. இவ்வுலகப் பங்கு எது என்பதில் தஃப்ஸீர் ஆசிரியரிடையே இரு கருத்து. ஆகுமான உணவு, உடை, இல்லம், இல்லறம் ஆகியவற்றின் இன்பமே அது என்போர் உளர். வாழ்நாள் முடியுமுன் செய்து சேர்க்கும் நற்செயலே அது என்போரும் உளர். முதல் கருத்து இன்றைய நாளைத் துய்க்கச் சொல்கிறது, இரண்டாவது முயலச் சொல்கிறது. இரண்டையும் ஏற்கும் வண்ணம் சொல் அமைந்திருப்பதில் எமக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அவ்வறிவுரை அத்துடன் நிற்கவில்லை. இறைவன் உனக்கு நன்மை செய்ததுபோல் நீ பிறருக்கு நன்மை செய், பூமியில் குழப்பம் விளைக்காதே என்று தொடர்கிறது. அறிவுரை சொல்லப்பட்டவன், சாவிகளைச் சுமக்கவே ஆள்பலம் தேவைப்பட்ட செல்வன்.

ப்யோலின் கதை நல்ல கதை. சொல்லவேண்டிய இடத்தில் சொன்னால் கூர்மை மழுங்காதது. வணிகர் சங்கக் கூட்டத்திலோ, இரண்டாம் கிளை திறக்கும் விழாவிலோ, வளைகுடாவில் மூன்றாவது வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களின் சந்திப்பிலோ உரையாற்ற அழைக்கப்படும் ஆலிம்கள் அதைத் தாராளமாக எடுத்தாளலாம். மீனவன் காலையில் பிடித்து வந்த மீனை மட்டும் விட்டுவிடாமல் சொன்னால் போதும். பழவேற்காட்டுக்குப் பூநாரைகளைக் காணக் குளிர்காலந்தோறும் புகைப்படக் கருவிகளோடு வருவோர் உண்டு. அவர்களுள் நம்மவரும் இருப்பர். கரையில் வலையருகே அமர்ந்திருப்பவரைப் படமெடுக்குமுன், இன்று எவர் முறை என்று அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.